தொண்ணூறு நாள் கெடு

தங்கச்செல்வியைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும், "யாரு, அந்த வர்மம் போட்டவளா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வர்மமாவது மண்ணாங்கட்டியாவது! மில் கேன்டீனில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்த வகுப்பில் அவள் கற்றுக்கொண்டது அது. நானும் அந்த வகுப்பில் இருந்தேன். அதனால் அவர்கள் கதையை விடுங்கள், நான் சொல்வதைக் கேளுங்கள்.

அவள் பிறந்தது மல்லாங்கிணற்றில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் மிளகாய் பறித்தும் வளர்த்த பிள்ளை. பத்தொன்பது வயதில் மாரிக்கண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தாள். அவர் லாரியில் லோடு ஏற்றுகிறவர். இப்போது இவளுக்கு முப்பத்து நான்கு வயது, எட்டாவது படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் பன்னிரண்டு வருஷமாக எனக்குப் பக்கத்து மிஷினில் நிற்கிறாள். ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்துபோகிற நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவது எங்கள் வேலை. எட்டு மணி நேரமும் விரல்தான் உழைக்கும். அவளுடைய விரல் இரும்பு. இறுகிப்போன டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க எல்லோரும் அவளிடம்தான் போவோம்.

வீரபாண்டி அந்த மில்லில் மேஸ்திரி. எங்கள் ஊர்க்காரர்தான், தங்கச்செல்விக்கு அண்ணன் முறை. யாருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதுவதும் அவர், மில் வேனில் யாருக்கு எந்த சீட் என்று சொல்வதும் அவர். போன ஆடியிலிருந்து அவளை ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். அந்தக் கை எங்கெல்லாம் போனது என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. டிபன் பையை மடியில் வைத்து மறைத்துப் பார்த்தாள். சேலையில் ஊக்கைக் குத்தி வைத்துப் பார்த்தாள். ஊக்கு குத்தினால் சிரித்துக்கொண்டே, "என்ன தாயி, மேலெல்லாம் முள்ளா இருக்கு" என்பார்.

பின் சீட்டில் நான். எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. அவளைத் தவிர வேனில் பதினெட்டுப் பெண்கள். பதினெட்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவரைப் பகைத்தால் ஷிப்ட் போகும், ஷிப்ட் போனால் வேலை போகும். இது சாக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மில்லைப் பார்வையிட வரப்போகிறார்கள் என்று, பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி வைத்தார்கள். 'வர்மப் புள்ளிகள் மூலம் பாதுகாப்பு' என்று கேன்டீன் வாசலில் பேனர். எவன் எழுதினானோ, அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் அவள் கழுத்தை அறுத்தது. சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து துர்காதேவி என்று ஒரு மேடம் வந்தார்.

"இதுல மந்திரம் ஒண்ணுமில்ல, நரம்புதான்" என்று அவர் ஆரம்பத்திலேயே சொன்னார். "முழங்கை மடிப்புக்குக் கீழ, வெளிப்பக்கமா மூணு விரக்கட தள்ளி ஒரு இடம். கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சா கை மரத்துப்போகும். பத்து நிமிஷத்துல சரியாயிரும். அதுக்குள்ள நீங்க ஓடிரணும்."

தங்கச்செல்வி எழுந்து, "ஓடுற வேன்ல எங்கிட்டு மேடம் ஓடுறது?" என்று கேட்டாள்.

நாங்கள் கொல்லென்று சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து, "அப்ப நீங்க விடாம அழுத்துங்க" என்றார்.

மற்றவர்கள் போட்டோவுக்கு நின்றதோடு சரி. அவள் மட்டும் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் கையைப் பிடித்து இடம் தேடுவாள். "இங்கயா? இங்கயா அனுசி?" தப்பான இடத்தில் அழுத்தினால் வலிக்கும், அவ்வளவுதான். சரியான இடத்தில் விழுந்தால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று போய்க் கையில் இருக்கிற டம்ளர் நழுவும். மூன்று வாரம் என் முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்துக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை. கை வழக்கம்போல வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பிடித்துவிட்டாள். "ஐயோ, ஆத்தே!" என்று வீரபாண்டி அலறியதில் டிரைவர் பிரேக் போட்டார். வலது கை கட்டையாகத் தொங்கியது.

"அண்ணே, இனி வேற சீட்டுல ஒக்காருங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. எனக்கு அன்றைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மில் வாசல் வருவதற்குள் அவர் கை சரியாகிவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வேனில் வந்தவர்கள் சொல்லிக் கேட்ட மாயக்காள், மில்லைக் கூட்டிப் பெருக்குகிறவள், கேட்டைத் தாண்டும்போதே அவரை மறித்துக்கொண்டாள். "வர்மத்துல பிடிச்சாளா? ஏய்யா, அது அன்னைக்குத் தெரியாதுய்யா. தொண்ணூறு நாள் கெடு. உள்ளுக்குள்ளயே இத்து, ஆள மடக்கிப்போடும்."

அந்த மனுஷனின் முகம் செத்துவிட்டது. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்றார், சோறு இறங்கவில்லை என்றார். கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் பெரிய தீர்ப்பு சொன்னார்: வர்மத்தைப் போட்ட கைதான் எடுக்க வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமை, அவள் கையாலேயே எண்ணெய் தொட்டு, முழங்கையிலிருந்து நெஞ்சு வரை நீவிவிட வேண்டும்.

எந்த ஆளின் கை தன்மேல் படக்கூடாது என்று மூன்று வாரம் பாடுபட்டுக் கற்றாளோ, அந்த ஆளின் நெஞ்சை ஊர் பார்க்க அவள் தடவ வேண்டுமாம்! மாட்டேன் என்றால் வேன் அவளுக்காக நிற்காது, அவள் வேலைக்குப் போகமுடியாது. இதுதான் ஊரின் பேச்சு.

முனீஸ்வரன் கோவில் முன்னால் கூடினார்கள். ஊர்ப் பெரியவர் சங்கையா விசாரித்தார். "எந்த எடத்துல பிடிச்ச? எந்த விரலு? பிடிக்கையில மணி என்ன?" ஒரு வக்கீல் தோற்றான். ஏன் பிடித்தாய் என்று மட்டும் ஒரு வாயும் கேட்கவில்லை.

அவள் துர்காதேவி மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது என்று மேடம் படித்துப் படித்துச் சொன்னார். "போன்ல பேசுறவுக ஆயிரம் பேசுவாக. சாகப்போறது எங்க ஆளுல்ல?" என்றது கூட்டம்.

வீரபாண்டியின் மனைவி தங்கமாரி ஓடிவந்து அவள் காலைப் பிடித்தாள். "மதினி கேக்குறேன் செல்வி, எடுத்து விட்ரு. எனக்கு ரெண்டும் பொட்டப்பிள்ளைக." தங்கச்செல்வி அவளைத் தூக்கி நிறுத்தினாள். தங்கச்செல்வியின் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

மாரிக்கண்ணன் பக்கத்தில் வந்து, "தடவிவிட்டுட்டு வாயேன். ஒன் கையி என்ன தேஞ்சா போயிரும்?" என்றார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குள் தேடி என்னைப் பார்த்தாள். பின் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான், சொல்ல வேண்டியவளும் நான்தான். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன். என் காலுக்குக் கீழே கிடந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நிமிர்ந்தாள். "ஆமா, வர்மந்தான் போட்டேன். எனக்குப் போடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது. தொண்ணூறு நாளுதான். என்னைய ஏத்தாம வேன விடுறவுகளும் யோசிச்சுக்கங்க." சொல்லிவிட்டு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் வேன் அவளுக்காக நின்றது. நிற்காமல் என்ன செய்யும், டிரைவருக்கே உயிர் பயம். பக்கத்து சீட்டில் ஒருத்தியும் உட்காரவில்லை. அவள் காலை நீட்டி, தலையை ஜன்னலில் சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டு வருவாள். ஆனால் கடைக்காரர் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார். கைக்குழந்தைக்காரிகள் அவளைக் கண்டால் முந்தானையை இழுத்து மூடினார்கள். மாரிக்கண்ணன் அவள் பரிமாறினால் தட்டைத் தள்ளிவைத்து வாங்கினார். என்னோடு அவள் பேசவே இல்லை. பக்கத்து மிஷினில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை கிடையாது. கேட்க எனக்கும் முகம் இல்லை.

தங்கமாரி தினமும் காலண்டரில் தாள் கிழித்தாள். தொண்ணூறும் கிழிந்தது. வீரபாண்டி கல்லுக்குண்டாட்டம் எழுந்து உட்கார்ந்தார். முனீஸ்வரன் காப்பாற்றிவிட்டார் என்று கிடா வெட்டினார்கள். ஊரே சாப்பிட்டது. நானும் போய்ச் சாப்பிட்டேன், வெட்கங்கெட்டவள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேனில் ஏறினார். தங்கச்செல்வியைத் தாண்டி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரத்தில் அந்தக் கை வந்தது. எனக்கு இடம் தெரியும். என் உடம்பில் நீலம் பாரித்த இடம், தெரியாமல் இருக்குமா? ஆனால் என் இரண்டு கையும் டிபன் பையைப் பிடித்தபடியே கிடந்தன. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் கருவேல மரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன் சீட்டிலிருந்து, திரும்பாமலே, வேன் முழுக்கக் கேட்கும்படி தங்கச்செல்வி சொன்னாள்: "அனுசி, முழங்கைக்குக் கீழ. மூணு விரக்கட."

சுட்டது போலக் கை விலகியது. அவர் எழுந்து டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தொண்ணூறு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ஒரே ஒரு வரி. அன்றைக்குக் கோவில் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியதும் ஒரே ஒரு வரிதான்.