சமையலறைக்குள் திறந்த மில் கதவு

எங்கள் வீட்டுக் காபியின் மேல் ஆடைக்குப் பதில் தவிடுதான் மிதக்கும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. மில்லையும் வீட்டையும் ஒரே சுவரால் ஒட்டிக் கட்டிய தாத்தா, இரண்டுக்கும் நடுவே வைத்த கதவைச் சமையலறைக்குள் திறக்க விட்டதை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே மெஷின் சத்தம் கேட்க வேண்டுமாம் அவருக்கு. அடுப்பு முன்னால் நிற்பவர்களைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை.

மெஷின் ஓடும்போது டம்ளர்கள் தானாக நகர்ந்து வந்து கீழே விழும். துவைத்த பாவாடையிலும் உமி குத்தும். "ஏனுங்க, இந்தக் கதவெ அடைச்சுப் போடலாமுங்க" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "அப்புறம் நான் கெழக்குச் சந்தெச் சுத்தியா சோத்துக்கு வாரது?" என்பார் அப்பா.

மில்லின் முன்வாசல் வழியாக வரும் பண்ணையக்காரர்களுக்கு நாற்காலியும் மோரும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் பெண்களோ, சாதியின் பேரால் உள்ளே வரக்கூடாதென்று, கிழக்குப் பக்கச் சந்தில் வெயிலிலும் மழையிலும் நின்று, சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக நெல்லைக் கொடுத்து அரிசியை வாங்கிப் போவார்கள். வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்பதுபோல யாரும் அதைப் பேசியதில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மெஷினை நிறுத்துவதாகச் சொன்ன அப்பா நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் அம்மா "என்ன படிச்சிருக்கறே?" என்று கேட்டது அக்காவுக்கு "என்ன குடிக்கறே?" என்று விழ, "காபி போதுமுங்க" என்றாள். அந்த இடம் அமையவில்லை.

அடுத்த வாரம் அப்பா மெஷினுக்குப் பெல்ட் வாங்கக் கோயமுத்தூர் போன நேரத்தில் அம்மா கொத்தனாரை வரவழைத்தாள். திரும்பி வந்தவர் கதவிருந்த இடத்தில் ஈரச் சிமெண்டைப் பார்த்துக் கத்தினார், சாப்பிடாமல் படுத்தார். "இடிச்சீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க" என்றாள் அம்மா. அவர் இடிக்கவில்லை.

அதன்பிறகு சோற்றுக்குக் கிழக்குச் சந்து வழியாகத்தான் அவர் சுற்றி வரவேண்டியிருந்தது. ஆனி மழையில் ஒரு மத்தியானம் தொப்பலாக நனைந்து ஓடி வந்தவரைப் பார்த்து, முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நெல்லோடு காத்திருந்த காளியம்மா சொன்னாள்: "மொதலாளிக்கு இன்னிக்கு ஒரு நாளுங்க. எங்களுக்கு எந்நாளுமுங்க."

 அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா சந்து முழுக்கத் தகரக் கூரை போட்டுவிட்டார். அதனடியில் அவர் நனையாமல் நடந்தார். பெண்கள் நனையாமல் நின்றார்கள். உள்ளே மட்டும் யாரையும் கூப்பிடவில்லை.

ஊரே பாக்கெட் அரிசிக்கு மாறியதும் மில் நின்றது, மெஷின் பழைய இரும்புக்குப் போனது. இப்போது தம்பி அந்த இடத்தைக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளின் சரக்கு வைக்கும் குடோனாக வாடகைக்கு விட்டிருக்கிறான். லாரி நுழைவதற்காகப் போன மாதம் ஜன்னல் சுவரை இடித்துக் கூரையையும் பிரித்தபோது, "ஏழைங்களுக்காக உங்க தாத்தா கட்டுனது" என்று தன் பிள்ளைகளிடம் கண்கலங்கச் சொன்னான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் காருக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏண்டா, உங்கப்பன் நனையாம சோத்துக்கு வாரதுக்குப் போட்டதுடா அது! அவளுக நின்னதெ அடுப்படியில இருந்து எத்தனை வருசம் பாத்திருப்பேன். நானுந்தான் ஒண்ணும் சொல்லுல."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வெயில் ஏறுது, வண்டியெ எடு" என்றாள்.