சுவருக்கு அந்தப்புறம் தியேட்டர்

சாலை பஜாரில், பழைய சாமான் கடை ஒன்றின் வாசலில் தும்பிக்கை உடைந்த சுண்ணாம்பு யானைத்தலையைப் பார்த்ததும் ஈரச் சுவரின் வாடை மூக்கில் ஏறியது. வலியசாலையில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி, தூண்களும் கும்மட்டமுமாக, எங்கள் தெருக் கோவிலுக்குப் போட்டியாகக் கட்டியதுபோல நின்ற தியேட்டரின் முகப்பில் இருந்த யானைகளில் ஒன்று அது. வாதம் வந்து பின்னறையில் கிடந்த அப்பா, சுவர்வழி வரும் வசனத்தையும் பாட்டையும் கேட்டே எல்லாப் படங்களையும் பார்த்தார். சிரிப்புக் காட்சி வருவதற்கு முன்பே அவர் வயிறு குலுங்கத் தொடங்கிவிடும்.

அவர் இறந்த மத்தியானம், தெருவில் சவம் கிடக்கிறதே என்று கோவில் நடையைச் சாத்தினார்கள். தியேட்டரில் மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள்.

"போய் நிறுத்தச் சொல்லிட்டு வரேன் மன்னி" என்று சித்தப்பா எழுந்தார்.

"வேண்டாம். முடியற வரைக்கும் அவர் கேட்டுண்டு இருக்கட்டும்" என்றாள் அம்மா.

படம் விட்ட பிறகுதான் தூக்கினார்கள். சிரித்தபடி வெளியே வந்த கூட்டம் பாடையைக் கண்டு ஓரமாக ஒதுங்கியது.

தியேட்டரை இடித்தபோது, கும்மட்டம் விழுந்த அதிர்வில் எங்கள் பின்சுவர் விரிசல் விட்டது. அன்று கோவில் நடையை யாரும் சாத்தவில்லை.