மாமனார் தொங்கிய ஆணி

தெருவில் அவருக்கு நுரை என்று பெயர். ஏசி மெக்கானிக். ஒரு வாளி, பாத்திரம் விளக்கும் சோப்பு, ஒரு பிரஷ். இவற்றை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கேஸ் கசிவைத் துப்பறிகிறார். குழாயில் நுரை தடவினால் எங்கே குமிழ் கிளம்புகிறதோ அங்கே குற்றவாளி. நிம்மதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். சைக்கிள் டியூபுக்கு நுரை போட்டுப் பார்த்தவர்கள் பலர் உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் பலூனுக்குப் போட்டவர் இவர் ஒருவரே.

அப்பேர்ப்பட்டவரின் புகழில் ஒரே ஒரு ஓட்டை. அதுவும் மாமியார் வீட்டில். சுவருக்குள் குழாய் பதித்து அவரே மாட்டிய ஏசி, வெயில் ஏறினால் கேஸ் இறங்கிவிடும். மூன்று முறை நிரப்பிக் கொடுத்து, "மெஷின் பழசாயிடுச்சு அத்தை" என்று நான்கே வருடமான மெஷின்மீது பழியைப் போட்டார்.

நாலாவது முறை மாமியார் சொல்லிவிட்டார்: "மாப்ள, நாலு மணிக்குக் கம்பெனி மெக்கானிக் வர்றாரு. தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க நேரமேது? மணி இரண்டரை. வருகிறவன் கசிவைக் கண்டுபிடித்தால், வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்த மாதிரி. தெரு சிரிக்கும். மனைவி சிரிக்கக்கூட மாட்டாள்.

குழாயில் நைட்ரஜன் ஏற்றினார். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் நுரை தடவினார். ஒரு குமிழ் இல்லை. பிரஷர் மீட்டர் முள் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. அப்படியானால் கசிவு சுவருக்குள்தான். சுவரில் காதை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்.

"என்ன மாப்ள, சுவத்துக்கு ஜுரமா?"

காது மாமனாரின் படத்தில் முட்டி நின்றது. உள்ளே 'ஸ்ஸ்' என்றது. படத்தைக் கழற்றி ஆணியைச் சுற்றி நுரை வைத்தார். பொங்கிப் பொங்கி வந்தது குமிழ்.

அந்த ஆணியை அடித்தவர் அவரேதான். மூன்று வருடம் முன்பு மாமனார் காலமானபோது, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மாப்ள" என்றார் அத்தை. இடது பக்கம் குழாய் போவது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அழுத கண்ணோடு நிற்கும் மாமியாரை மறுத்துப் பேசுவதா? அதற்குப் பதில் குழாயை விட்டு ஒரு விரல் தள்ளி அடித்துவிடலாம் என்று துணிந்தார். ஆணி துளையும் போட்டது, அடைப்பாகவும் நின்றது. மூன்று வருடமாகச் சிறுகச் சிறுகக் கசிய விட்டிருக்கிறது.

அழைப்பு மணி அடித்தது. கம்பெனிக்காரர் உள்ளே வந்து நுரையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார்.

"இந்த இடத்துல ஆணி அடிச்ச புத்திசாலி யாருங்க?"

நுரை குனிந்து பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பித்தார். மாமியார் படத்தைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"இவர்தான்."

"அவர் படத்துக்கு அவரே ஆணி அடிச்சாரா?"

"அவருக்கு எதுலயும் முன்யோசனை ஜாஸ்தி."

இதற்குமேல் விசாரிக்கக் கம்பெனிக்காரருக்குத் தெம்பில்லை. குழாயைச் சரிசெய்துவிட்டு அவர் படியிறங்கியதும் மாமியார் படத்தைச் சுவரின் மறுகோடியில் பிடித்துப் பார்த்தார்.

"இங்க மாட்டுவோமா மாப்ள? கொஞ்சம் வலது பக்கம்?"

அங்கே கரண்ட் ஒயர் போகிறது. 'சரிங்க அத்தை' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்குவதற்குள் சட்டை நனைந்துபோயிற்று.

"அங்க... ஒயர் போகுது அத்தை."

"இந்த வாயை அன்னைக்கே திறந்திருந்தா, நான் மூணு வருஷம் விசிறியும் கையுமா உக்காந்திருப்பேனா?"

மாமனார் இப்போது மேசைமேல் சாய்ந்து நிற்கிறார்.