ஒருத்தரும் ஏறாத பஸ்

மலர் அக்காவின் மகள் தரணி அழைத்தபோது, வுப்பர்டாலில் கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சாரதிக்கு ஏழு நிமிட ஓய்வு. "அம்மா இண்டைக்கு விடிய எங்களை விட்டுட்டுப் போட்டா, மாமா" என்றாள். நான் என்ன சொன்னேனோ தெரியாது. நேரத்துக்குப் பஸ்ஸை எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த கிழமை மறுபடி அழைத்தாள். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரில் பஸ் கதையை நான்தான் எழுதவேணுமாம். "அந்த விடுதியில இருந்த பெரியாக்களில நீங்கள்தானே மாமா மிச்சம்." ஓம் என்றுவிட்டேன். பத்து நாளாகக் கை ஓடவில்லை. நீங்கள் எல்லோரும் கேட்டுப் பெருமைப்பட்ட அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னால் அக்காவின் சொல் பொய்யாகும். சொல்லாவிட்டால் அக்காவின் மலரிலேயே நான் பொய் எழுதியவனாவேன்.

எண்பதுகளில் எங்களைப் போட்ட அகதி விடுதி, ஒரு சின்ன ஊரிலிருந்து ஆறு கிலோமீற்றர் தள்ளிக் காட்டோரம் இருந்தது. ஊருக்குப் போக ஒரே ஒரு பஸ். ஆசனங்கள் காலியாகக் கிடந்தாலும் அதன் சாரதி எங்களைப் பின்னுக்குப் போய் நிற்கச் சொல்லுவார். நின்றோம். வழக்கு முடியாத அகதிக்கு வாய் ஏது?

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஊருக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படைமுகாம் இருந்தது. அங்கிருந்த கறுப்பினச் சிப்பாய் ஒருவரின் மனைவி, அக்கா நிற்பதைக் கண்டு இறங்கியதும் கதை கொடுத்திருக்கிறா. கொழும்பில் கந்தோர் வேலை செய்த அக்காவுக்கு இங்கிலீஷ் ஓடும். தன் ஊரிலும் கறுப்பர்களைப் பின்னுக்கு விரட்டினார்களாம். ஒரு வருடத்துக்கு மேல் அவர்கள் பஸ்ஸே ஏறாமல் நடந்தார்களாம். தன் தாயும் கால் வீங்க வீங்க நடந்தாவாம். அன்று பின்னேரம் குசினியில் அக்கா அகப்பையோடு எங்கள் பக்கம் திரும்பினா. "அவையளுக்கு ஏலுமெண்டால் எங்களுக்கு ஏலாதோ? நாளைக்கு ஒருத்தரும் ஏறக்கூடாது."

நடந்தோம். அகதிக் கந்தோருக்கு, டொக்டரிடம், கடைக்கு. மூன்று வயதுத் தரணி பாதி வழி தாயின் இடுப்பில். முணுமுணுத்தவர்களுக்கு அக்காவிடம் ஒரே பதில்: "நிண்டு நோகிறதைவிட நடந்து நோகட்டும்."

மூன்றாம் கிழமை, பனி கொட்டிய ஒரு காலை. மற்றவர்கள் போகும்வரை அறையில் ஒளித்திருந்துவிட்டு நான் பஸ்ஸில் ஏறினேன். காய்ச்சல் இல்லை, டெர்மின் என்று குறித்துத் தந்த நேரமும் இல்லை. குளிர்ந்தது, அவ்வளவுதான். வெட்கங்கெட்டுப்போய், சாரதி கை காட்டிய இடத்திலேயே நின்றேன். வளைவில் அக்கா தரணியைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தா. சத்தம் கேட்டுத் திரும்பினா. நான் குனிந்தேன்.

கண்டாவா? பின்னேரம் வழக்கம்போல, "தம்பி, சாப்பிட்டீரோ?" என்றுதான் கேட்டா. அடுத்த நாளிலிருந்து நானும் நடந்தேன். எங்கள் காசு வராமல் போக, இன்னும் இரண்டு கிழமையில் பஸ் கம்பனிக்காரர் பணிந்து வந்தார்கள். விரும்பிய ஆசனத்தில் இருக்கலாம் என்றார்கள். செய்தி எடுக்க வந்தவரிடம் அக்கா என் தோளில் கை வைத்தபடி முதலில் தமிழில் சொன்னா: "எங்களில ஒருத்தரும் ஏறேல்லை." பிறகுதான் இங்கிலீஷில். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. அது ஆருக்குச் சொன்னது என்று யோசித்தே எனக்கு முடி நரைத்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அக்கா அதையே சொன்னா. நானும் உங்களோடு சேர்ந்து கை தட்டினேன். இன்றும் பனி நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி றோட்டோரம் நடந்தால், என் கால் தானாகப் பிரேக்கில் விழும். பக்கத்தில் போனால் அது வேறு யாரோ.

கொலோன் ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போனபோது எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். அக்கா முந்திக்கொண்டா. "தம்பி, உம்மட பஸ்ஸில பின்னால நிக்கிற ஆக்கள் கண்ணாடியில தெரிவினமோ?"

"ஓம் அக்கா, தெரிவினம்."

"அப்ப இருக்கச் சொல்லும். நிக்க விடாதையும்."

போட்டு வாறன் என்று எழும்பி வந்துவிட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பனிக்குள் திரும்பிய அந்த முகம். கண்டாவா இல்லையா என்று கேட்க இனி ஆளில்லை. கண்டிருந்தால், இத்தனை வருடம் எனக்காகப் பொய் சுமந்தவ அவ. இனியும் சுமக்க விட எனக்கு ஏலாது. தரணி, ஒரு வரியும் வெட்டாமல் போடு, பிள்ளை. ஒருத்தன் ஏறினவன். அது நான்.