மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மழைத் தொப்பி

மழை வந்தால் குடை விற்பவனுக்கு அடுத்தபடியாகச் சந்தோஷப்பட வேண்டியவன் மோட்டார் சைக்கிள் ரிப்பேர்காரன்தான். ஆனால் அவன் கையில் பிளக் தொப்பி இருக்க வேண்டும். நடுரோட்டில் நனைந்துகொண்டு வண்டியைத் தள்ளிய புண்ணியவான்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினின் தலையில் இருக்கும் பிளக்குக்கு மேலே, ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூடி உட்கார்ந்திருக்கும். அதைத்தான் தொப்பி என்போம். அதில் கீறல் விட்டால் தண்ணீர் இறங்கும். பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் வழி தவறி இரும்பில் இறங்கும். வண்டி படுத்துவிடும்.

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நான் யோங் பெங் என்ற ஊரில் கடை வைத்திருந்தேன். இது அப்போது வந்த ஒரு மழைக்காலத்தின் கதை.

கடிக்கும் குதிரை

பக்கத்துத் தோட்டத்துத் துரை தன் வண்டியைக் குதிரை மாதிரி தட்டிக்கொடுத்துத்தான் ஏறுவார். அந்த வருஷம் முதல் மழையிலேயே தொப்பி விரிசல் விட்டு, கரண்ட் அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. அவரோ நோய் எதுவென்று கேட்காமல், நான் வண்டியைக் கண்டபடி முடுக்கிக் கெடுத்துவிட்டதாகச் சத்தம் போட்டார். தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். அப்புறம்தான் சிரித்தார்.

கடையில் இருந்த கடைசித் தொப்பியை அவருக்கு மாட்டினேன். வேறு வேண்டுமென்று சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டேன். துரை கிளம்பும்போது தோட்டத்துத் தமிழில் சொன்னார்: “மழை வந்தா குதிரை கடிக்குது. நீ பல்லு புடுங்கின. நல்ல ஆளு!”

பால் டின்

மறுநாளே காய்கறி விற்கும் சீனன் ஆ செங் வந்தான். அவனுக்கும் தொப்பிதான் வேண்டும். இல்லை என்றதும், “போமன் கடையில் தொப்பி இல்லையா?” என்று சந்தைக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனான். எங்கள் பக்கம் ரிப்பேர்காரனைப் போமன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு நாள் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிளக்கின் மேல் ஒரு பால் டின்னைக் கவிழ்த்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான். கரண்ட் முழுக்கத் தகரத்தில் ஓடியதால் வண்டி வெயிலிலும் கிளம்பவில்லை. தகரத்தால் மூடக்கூடாதப்பா என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். மழை உள்ளே போகவில்லை, வேறென்ன வேண்டும் உனக்கு என்பதை மலாயில் கேட்டான்: “உஜான் தா மாசோக், அபா லாகி லு மாவு?”

வண்டி இல்லாத வாடிக்கை

அந்த மழைக்காலத்தில் என்னை ஒரு நாள்கூட விடாமல் நச்சரித்தவன் முனியன். மோட்டார் சைக்கிள் அவனிடம் கிடையாது. அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஆள். அவனிடம் இருந்தது ஒரு சைக்கிள். வேலை முடிந்து வந்து கடை வாசலில் ஒரு காலை ஊன்றி நிற்பான். “தொப்பி வந்திடுச்சாண்ணே?”

உனக்கெதற்கடா தொப்பி என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். தொப்பி அவனுக்கில்லை, டிரெஸ்ஸருக்கு. எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஒரே மருத்துவம் பொன்னையா டிரெஸ்ஸர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். அவர் வண்டி எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது. போன வருஷம் முனியன் பெண்சாதி செல்லம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, தொப்பி விரிசலில் மழை இறங்கி அந்த வண்டி தோட்டத்து வழி மேட்டடியில் நின்றுபோனது. அவர் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. இப்போது செல்லம்மா மறுபடியும் மாசமாக இருந்தாள்.

இதைக் கேட்டதும் துரைக்கு மாட்டிய அந்தக் கடைசித் தொப்பி என் கண்ணிலேயே நின்றது. முனியன் யாரையும் குறை சொல்லவில்லை. “மழையும் டிரெஸ்ஸரய்யாவும் ஒண்ணாத்தான் வராங்கண்ணே. நாம என்னா செய்ய?”

மரத்துப் பால் தொப்பி

ஊரெல்லாம் ரப்பர் மரம். அந்த ரப்பர்தான் கப்பலேறிப் போய்த் தொப்பியாகத் திரும்ப வரவேண்டும். நாமே செய்தால் என்ன என்று முனியனுக்குத் தோன்றிவிட்டது. மரக்கட்டையில் அச்சு செதுக்கி, பாலில் முக்கி முக்கிப் புகைபோட்டு, ஒரு தொப்பியைக் கொண்டுவந்து நீட்டினான். பார்க்க அவ்வளவு அழகு! எனக்கே ஆசையாகிவிட்டது. டிரெஸ்ஸர் வண்டியில் மாட்டி அனுப்பினோம்.

மழை ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் எஞ்சின் சூட்டில் தொப்பி இளகி, வழிந்து, பிசின் மாதிரி ஒட்டுப்பாலாக அப்பிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பகல் ஆயிற்று. முனியன் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்து டிரெஸ்ஸர் அவன் தோளில் தட்டினார்: “மழைக்குத் திறமான தொப்பி முனியன். எஞ்சினுக்குத்தான் காய்ச்சல் கூடிப்போச்சுது.”

சத்தம்

அப்புறம் ஒரு நாள் காலையிலிருந்தே மழை ஊற்றியது. டிரெஸ்ஸர் நனைந்து நின்றுபோன வண்டியைக் கடைக்குத் தள்ளி வந்திருந்தார். முனியன் சைக்கிளில் பறந்து வந்தான். செல்லம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது.

விரிசல் விட்ட பழைய தொப்பியின் மேல் சுத்தமான ட்யூப் ரப்பரை இறுக்கிச் சுற்றினால் ஒரு தடவை போய்ச் சேரும் வரைக்கும் தாங்கலாம் என்றேன். கடையில் கிடந்த துண்டுகள் எல்லாம் எண்ணெயிலும் கரியிலும் ஊறியவை, பிரயோஜனமில்லை. சந்தையில் யாரிடம் கேட்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, முனியன் சைக்கிளைக் குப்புறப் போட்டு முன்சக்கரத்து ட்யூப்பை உருவிவிட்டான். கழுவித் துடைத்து, நீளநீளமாகக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். டிரெஸ்ஸர் உதைத்தார், வண்டி பிடித்துக்கொண்டது. பின்னால் மருந்துப் பெட்டி இருந்ததால் முனியனுக்கு இடமில்லை. அவன் ட்யூப் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மழையில் நடந்தான்.

மறுநாள் வந்தான். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பனுக்கு அத்தனை தூரமும் நடையா, எப்படித் துடித்திருப்பாய் என்றேன். முனியன் சிரித்தான்: “போன தடவ வண்டி நின்ன மேட்டு வரைக்கும் ஓடினேண்ணே. அங்க நின்னு கேட்டேன். வண்டி ஏறுச்சு, எறங்குச்சு, தூரமாப் போச்சு, சத்தம் மட்டும் நிக்கல. அப்புறம் மெதுவாத்தான் நடந்தேன்.”

மழையெல்லாம் ஓய்ந்து வெயில் கொளுத்தும்போது சிங்கப்பூரிலிருந்து தொப்பிகள் சாவகாசமாக வந்து சேர்ந்தன. ஆக, தொப்பி மாற்றுவதில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த நான், துரைக்கு மாட்டியதைத் தவிர, அந்த மழைக்காலத்தில் உருப்படியாக மாற்றிக் கொடுத்தது முனியன் சைக்கிளுக்கு ஒரு ட்யூப்தான்.