நீலத் துண்டுக்காரர் வீட்டுப் பருத்தி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி முடிந்து பங்குனி பிறக்கிற சமயம். குன்னம் தாலுகாவில் ஒரு சின்னக் கிராமத்தில் சுகாதார நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஊரில் எனக்குப் பெயரே கிடையாது, சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் நர்சம்மாதான். மாசமாக இருக்கிற பெண்களின் பெயரை எழுதுவது, மாதாமாதம் எடை பார்ப்பது, ஊசி போடுவது, வலி வந்தால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பது, இதுதான் என் வேலை. ஒரு பெண் தெருவில் நடந்து போவதைப் பார்த்தே எத்தனையாவது மாதம் என்று சொல்லிவிடுவேன் எனப் பெருமையடித்துக்கொள்வேன். இந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. கதை எழுதுவேன். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். கணவர் அரியலூரில் வேலை முடித்து பஸ் பிடித்து வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். அதுவரை போனில் தட்டித் தட்டி, கதை படிக்கிற ஆப் ஒன்றில் வாராவாரம் தொடர் போடுவேன். துப்பறியும் தொடர். ஆனால் கொலை கிடையாது, ரத்தம் கிடையாது. என் கதையில் காணாமல் போவதெல்லாம் கோயில் குத்துவிளக்கு, கல்யாண வீட்டு அண்டா, இரண்டு மூட்டை சின்ன வெங்காயம், இந்த மாதிரிதான். துப்பறிவது ஒரு பூனை. கடைசியில் திருடன் தலையைக் குனிவான், எல்லோரும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

அந்தப் பூனை கற்பனை இல்லை, என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. அரும்பாவூரில் இருக்கிற தோழி ஒருத்தி, "கடுவன் குட்டிடி, குட்டி போடுற தொல்லையெல்லாம் கெடையாது" என்று சொல்லிக் கொடுத்தாள். பலமுறை துவைத்து வெளுத்த காக்கிச் சட்டை நிறம். காலையும் மாலையும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரும். அதனால் ஏட்டையா என்று பெயர் வைத்தேன். கதையிலும் அதே பெயர். ஒருநாள் நான் அடுப்பைப் பார்க்க எழுந்தபோது ஏட்டையா போன் மேலேயே படுத்து, அத்தியாயத்தின் நடுவில் ஒரு வரி முழுக்கக் கன்னாபின்னாவென்று எழுத்துகளை அழுத்திவிட்டது. நானும் கவனிக்காமல் போட்டுவிட்டேன். வாசகி ஒருவர் அது ரகசியக் குறியீடா என்று கேட்டிருந்தார். நானும் கூச்சமே இல்லாமல் ஆமாம் என்று பதில் எழுதினேன்.

இப்போது எதிர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பருத்தி விவசாயி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். எப்போதும் தோளில் நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டு. யாரோடும் அதிகம் பேச மாட்டார். மனைவியும் மருமகளும் அவரோடு இருந்தார்கள், மகன் கோயம்புத்தூரில் வேலை. மருமகள் அப்போது ஏழு மாதம், என்னுடைய நோட்டில் இருக்கிற பெண். என் தொடரை விடாமல் படிக்கிறவளும்கூட.

எங்கள் பக்கம் பருத்தி எடுத்து முடித்தால் வீட்டுக் கூடத்திலேயே குவித்து வைத்துவிடுவார்கள். நல்ல விலைக்குக் கேட்கிற வியாபாரி வரும்வரை அந்த வீட்டுக்குக் கூடமே கிடையாது. நெஞ்சு உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று பருத்தி இருக்கும். சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம் பின்கட்டில். ஈரக்காலோடு ஒருத்தரும் உள்ளே நுழையக் கூடாது. வானத்தைப் பார்த்து விதைத்து ஒரு வருஷம் பட்ட பாடு மொத்தமும் அந்தக் கூடத்தில்தான் கிடக்கும்.

ஒருநாள் காலை அவர் என் வாசலில் வந்து நின்றார். "நர்சம்மா, உங்க பூனை ஜன்னல் வழியா பூந்து பருத்தி மேல ஏறிப் படுக்குது. ஒரு முடி ஒட்டியிருந்தாலும் யாவாரி சாக்குச் சொல்லிக் கழிச்சுருவான். கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். பூனையைக் கயிற்றில் கட்டியா வளர்க்க முடியும் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏட்டையா அந்த மாதம் வேறு ஒரேயடியாகப் பெருத்துக்கொண்டே போனது. நடையில் பழைய மிடுக்கு இல்லை, வயிறு தொங்க ஆரம்பித்தது. தின்றுவிட்டுத் தூங்கினால் இப்படித்தான் என்று கருவாட்டுச் சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். அது என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். நானோ ரோந்தை ஒழுங்காகப் போனால் தொப்பை கரையும் என்று அதற்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஏட்டையா வீட்டுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. தெருத் தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தேன். கிணறு, சோளத்தட்டைப் போர், வேலிக்காத்தான் புதர், ஒன்று பாக்கி இல்லை. வீடு வீடாக எடை பார்க்கப் போன இடத்தில் பூனையைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். எதிர் வீட்டுக்காரரிடமும் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்களே" என்றார்.

இரண்டு வருஷமாகத் துப்பறியும் கதை எழுதுகிறவள் சும்மா இருப்பேனா? ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். போன வாரம்தான் புகார் சொன்னார். பூனை காணாமல் போன திங்கட்கிழமை விடிகாலையில், புடைத்த சாக்கு ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு குன்னம் ரோட்டில் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் பக்கம் வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவது வழக்கம்தான். கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அவர் எந்தப் பெண்ணிடமும் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அழுதுகொண்டே அத்தியாயம் எழுதினேன். ஏட்டையாவையே ஒருவன் கடத்திவிடுகிறான். பருத்திக்காரன், கல்நெஞ்சன், தோளில் நீலக் கட்டம் போட்ட துண்டு. சாக்கின் வாயைக் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு போவதோடு 'தொடரும்' போட்டேன். எப்போதும் பத்து இருபது பேர் கருத்து எழுதுகிற இடத்தில் அன்று திட்டிக் குவித்துவிட்டார்கள். அந்தப் பாவியை விடாதீங்க அக்கா என்று ஒருத்தி எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க மனசுக்கு இதமாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அந்த இதத்தை நினைத்துத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் எதிர் வீட்டுக்காரர் தோளில் துண்டு இல்லை. கொளுத்துகிற வெயிலில் வெறும் தலையோடு வயலுக்குப் போய் வந்தார். குற்றவாளி உஷாராகிவிட்டான் என்று கணவரிடம் சொன்னேன். அவர், "ஏதாவது துவைக்கப் போட்டிருப்பாரு, ஆளை விடு" என்றார். நான் விடவில்லை.

ஆறாம் நாள் காலை, பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன், எதிர் வீட்டம்மா வாசலில் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டு முன்னால் வியாபாரியின் வண்டி நின்றது. மருமகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று பதறி ஓடினேன்.

கூடத்தில் பாதிப் பருத்தியை அள்ளி எடை போட்டுப் பெரிய பெரிய சாக்குகளில் அடைத்திருந்தார்கள். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர் சுவரோரக் குவியலைக் கையால் காட்டினார். குனிந்து பார்த்தேன். பருத்திக்குள் ஒரு குழி. அதில் ஏட்டையா. அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, கண் திறக்காத நாலு குட்டிகள்.

ஊரில் இருக்கிற கர்ப்பிணிகளையெல்லாம் நன்றாகச் சாப்பிடு, சாப்பிடு என்று விரட்டுகிறவள் நான். என் வீட்டுக்குள் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குச் சோற்றைக் குறைத்திருக்கிறேன். கையை நீட்டினேன், ஏட்டையா என்னைப் பார்த்து உறுமியது. அந்த அம்மாதான், "ஒரு மாசமாவே பசியோட வருதுன்னு நானுந்தான் சோறு வெச்சேன். இந்த நாலஞ்சு நாளா பின்கட்டுல வெக்கிற சோறு காணாமப் போவயில, நாயின்னுல்ல நெனச்சேன்" என்றார்.

வியாபாரி அவசரப்பட்டார். குட்டிகளைக் கூடையில் வைத்து நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். கண் திறக்காத குட்டியை ஆள் தொட்டால் தாய் விட்டுவிட்டுப் போய்விடும் என்று அந்த அம்மா தடுத்தார். அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரர். அள்ளினால் மொத்தமாக அள்ளுவேன், மிச்சத்துக்கென்று இன்னொரு தடவை வண்டி அனுப்ப முடியாது, இந்த விலையும் இன்றைக்கு மட்டும்தான் என்றார் வியாபாரி. எல்லோரும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தோம். அவர் கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகளை ஒருமுறை பார்த்தார்.

"வூட்டுல மாசமா ஒரு புள்ள இருக்கயில, பெத்துப் படுத்துருக்கறத எழுப்பி வெரட்ட மாட்டேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அடைத்த சாக்குகளை எல்லாம் அவிழ்த்து மறுபடியும் கூடத்தில் கொட்டிவிட்டு வண்டி கிளம்பிப் போனது. அந்தத் திங்கட்கிழமை சாக்கில் போனது இந்த வியாபாரிக்குக் காட்டுவதற்கான பருத்தி என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நான் அங்கேயே நின்று அழுதேன். அந்த அம்மாவும் மருமகளும் பின்கட்டுக்குப் போனபிறகு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். எதற்கு என்று எப்படிச் சொல்வது? அவருக்குக் கதை தெரியுமோ தெரியாதோ. என் திண்டாட்டத்தைப் பார்த்து அவரே, வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மருமவ படிச்சுக் காட்டுச்சு. கத நல்லாத்தான் இருக்கு. அவன் திருடனாவே இருந்துட்டுப் போறான், அத மாத்திடாதீங்க. துண்டோட கலர மட்டும் மாத்திடுங்க நர்சம்மா. துண்டு இல்லாம வெயில்ல போவ முடியல."

என் வாழ்க்கையில் யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை. அவர் கோபப்பட்டு நான்கு வார்த்தை கேட்டிருந்தால்கூட நானும் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். இரண்டு நாளாகத் தலை காய அவர் நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தது நான்தானே.

அன்று எடை பார்க்கிற வேலையை முடித்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் துணை சுகாதார நிலையத்துப் படியில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை அழித்தேன். புதிதாக எழுதினேன். அதில் கடத்தலும் இல்லை, திருடனும் இல்லை. ஏட்டையா ஒரு பருத்திக் குவியலில் குட்டி போட்டிருக்கிறது, நீலக் கட்டம் போட்ட துண்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு வியாபாரியை உள்ளே விட மாட்டேன் என்கிறார். அடியில், போன அத்தியாயத்தை எழுதியவள் தப்பாகத் துப்பறிந்துவிட்டாள், மன்னியுங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். ஏட்டையா பெண்ணா என்று கேட்டு வாசகர்கள் என்னைக் கேலி செய்த கேலி கொஞ்சநஞ்சம் இல்லை. என் கணவர் அதற்கும் மேலே. ஊருக்கே தேதி குறித்துக் கொடுக்கிற நர்சம்மா என்று இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் காலை எதிர் வீட்டுக்காரர் வயலுக்குக் கிளம்பினார். தோளில் துண்டு இருந்தது. நான் வாசல் பெருக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

குட்டிகள் கண் திறந்து தள்ளாடி நடக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஏட்டையா அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு தெருவைக் கடந்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதற்குள் நடுவில் ஒருநாள் மழை பெய்து, விலையும் இறங்கிவிட்டது. குறைத்துக் கேட்ட வேறொரு வியாபாரிக்குத்தான் அவர் பருத்தியைக் கொடுத்தார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மருமகள் சொல்லித்தான் தெரியும். ஏதாவது செய்கிறேன் என்று போய் நின்றேன். பருத்திக்கு எலி வருது, ஒரு குட்டி குடுங்க போதும் என்றார். இருப்பதிலேயே துறுதுறுப்பான குட்டியைக் கொடுத்தேன். இந்தமுறை கடுவனா பொட்டையா என்று நன்றாகப் பார்த்துவிட்டே கொடுத்தேன்.

வைகாசியில் மருமகளுக்கு வலி வந்தபோது ஆம்புலன்ஸில் பெரம்பலூர் வரை நான்தான் கூடப் போனேன். பெண் குழந்தை. நல்ல எடை. வார்டுக்கு வெளியே நின்றிருந்த எதிர் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

தொடர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஏட்டையா மடியில்தான் இருக்கிறது, கொஞ்சம் வயசாகிவிட்டது. இப்போது சாயங்காலம் போனைக் கையில் எடுத்ததும் எதிர் வீட்டுக் கொடியில் காய்கிற அந்த நீலத் துண்டை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். யாரையும் திருடனாக எழுதுவதற்கு முன்னால் அந்த மனுஷரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.