ஒன்று புள்ளி ஆறும் ஒன்று புள்ளி ஒன்றும்

மடியில் வைத்தால் பள்ளிப் பாவாடையைத் தாண்டித் தொடை சுடும். இடது பக்கத்து ஓட்டையிலிருந்து இட்லிச் சட்டி மூடியைத் திறந்ததுபோல் வெந்த காற்று வீசும். அந்தக் காற்றில் தூசி கருகும் வாசனை இருக்கும். அண்ணன் வீட்டில் விட்டுப் போன பழைய மடிக்கணினியை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சூடுதான்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் வீடு சாணார்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, மாந்தோப்புகளுக்கு நடுவே தனியாக இருந்தது. அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். வாரத்துக்கு ஒருமுறை வருவார், குளித்துவிட்டுத் தூங்குவார், போய்விடுவார். அம்மாவுக்கு நூல் மில்லில் ‘ரெண்டாம் ஷிப்ட்’. நான் திண்டுக்கல் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் பிடித்து வரும்போது வீடு பூட்டியிருக்கும், அடுப்பங்கரையில் சோறும் தொட்டுக்கொள்ள ‘வெஞ்சனமும்’ மூடியிருக்கும். அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, பேச்சுக் குரல் கேட்க வேண்டுமென்றால் நானே வாய்விட்டுப் பாடம் படித்தால்தான் உண்டு.

அண்ணன் அந்தக் கணினியைத் திண்டுக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தான். அதே கடையில் என் வகுப்புத் தோழி ஷமீலாவின் அக்காவும் ஒன்று வாங்கியிருந்தாள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தபோது எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். ஷமீலாவின் வீடு பேகம்பூரில் இருந்தது. அவளுடைய அத்தா ‘தோல்ஷாப்பில்’, அதாவது தோல் பதனிடும் பட்டறையில், மேஸ்திரி. இரண்டு கணினிகளின் மேலும் ப்ராசஸரின் பெயர் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இரண்டுமே அந்தக் காலத்திலேயே விலை குறைந்த வகை. விற்ற கடைக்காரரே “இது கடைசி பெஞ்சுதான்” என்று இருவரிடமும் சொல்லித்தான் கொடுத்திருந்தார். என்னுடையதன் வேகம் ஒன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ், அவளுடையது ஒன்று புள்ளி ஒன்று. “நம்பர் பெருசுன்னா வேகம் பெருசு, அம்புட்டுதான்” என்று அண்ணன் போனில் சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கணக்கில் ஷமீலா முதல், இங்கிலீஷில் அவள் முதல், கையெழுத்துக்குக்கூட அவளுக்குத்தான் பாராட்டு. என்னிடம் இருந்த ஒரே பெரிய எண் அந்த ஒன்று புள்ளி ஆறுதான்.

போட்டி வைக்கலாம் என்று சொன்னவள் ஷமீலா. சாயங்காலம் ஆறு மணிக்கு, அம்மா எனக்காக வீட்டில் விட்டுப் போகும் பட்டன் போனுக்கு அவள் கூப்பிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் இருவரும் கணினியைப் போட வேண்டும். திரை முழுதாக வந்து எல்லாப் படங்களும் தெரிந்ததும் “வந்துருச்சு” என்று சொல்ல வேண்டும். முதல் நாள் திரை வரும்வரை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், ஐம்பதைக்கூடத் தொடவில்லை, “எனக்கு வந்துருச்சுடி” என்றாள். “சரி, வைக்கிறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் ஜெயித்தேன். அதற்கு மறுநாளும். பல நாள் சும்மா கிடந்த பெட்டி என்பதால் முதல் நாள் திணறியிருக்கும், இப்போது பழகிவிட்டது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜெயித்த கையோடு எனக்குப் பேச்சு வரும். பஸ்ஸில் நடந்தது, அம்மா சொன்னது, தோப்பில் குரங்கு வந்தது என்று அரைமணி நேரம் ஓயாமல் பேசுவேன், அவள் அந்தப் பக்கம் “ம், அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சில நாள் தோற்பேன் என்று பயமாக இருக்கும், ஆனால் நூலிழையில் நானே முந்திவிடுவேன். அந்த ஆறு மாதமும் ஆறு மணி எப்போது வரும் என்று நான் பள்ளிக்கூடத்திலேயே காத்திருக்க ஆரம்பித்தேன், அவள் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள் என்றாலும்.

நோன்புப் பெருநாளுக்கு என்னை வீட்டுக்கு அழைத்தாள். அம்மாவிடம் கெஞ்சி, முதல் தடவையாகப் பேகம்பூருக்குத் தனியாகப் போனேன். வீடு நிறைய ஆட்கள், பிரியாணி வாசனை, குழந்தைகளின் சத்தம். ஷமீலா தட்டு எடுத்துவர உள்ளே போயிருந்தபோது, அவளுடைய அக்கா ஃபாத்திமா மருதாணிப் படங்கள் காட்டுகிறேன் என்று மடிக்கணினியைத் திறந்தாள். பொத்தானை அமுக்கியதும் பழக்க தோஷத்தில் நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். என் வீட்டில் தொண்ணூறு எண்ண வேண்டும். அங்கே நாற்பதுக்குள் எல்லாம் வந்துவிட்டது.

“புதுசா ஏதும் மாத்துனீங்களாக்கா?”

“இதுல என்னத்த மாத்துறது? வாங்குனதுல இருந்து இப்படித்தான்” என்றாள் அக்கா. பிறகு ஏதோ வேடிக்கையைச் சொல்வதுபோல, “தெனம் ஆறு மணிக்கு இதைப் போட்டுட்டு இவ சும்மா போனைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. வந்துருச்சேடி, எனக்குக் குடுன்னு கேட்டா, ‘செத்த நேரம் இரு அக்கா, அவளுக்கு வரட்டும்’ம்பா” என்று சிரித்தாள்.

தட்டோடு வந்த ஷமீலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று எழுந்தேன். “ஒரு வாய் சாப்டுட்டுப் போம்மா, இம்புட்டு தூரம் வந்துட்டு” என்று அவளுடைய அம்மா தெருமுனை வரை பின்னாலேயே வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

திங்கட்கிழமை அவள் என்னைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“ஏன்டி போனை எடுக்கல?”

“நீ எனக்கு ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேணாம்.”

“விட்டுக்கொடுக்கலடி. மொத நாள் தோத்ததும் நீ வச்சிட்ட. ஜெயிச்சா பேசுற.” அவள் குழாயைத் திறந்தாள், மூடினாள். “எங்க வீட்டுல அம்புட்டுப் பேரு இருக்காங்க, என்கிட்ட மட்டும்னு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நீதான் பேசுவ.”

இதைக் கேட்ட பிறகாவது நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குப் பதின்மூன்று வயது. என்னிடம் இருந்த ஒரே முதலிடம் போய்விட்ட ஆத்திரத்தில் இருந்தேன். “பேச ஆள் வேணும்னா வேற யாரையாச்சும் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே கடைசி வரிசைக்கு இடம் மாறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் ஆறு மணிக்குப் போன் அடித்தது. நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்து, மேலே இன்னொரு தலையணையைப் போட்டு, அது நிற்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதினோரு நாள் அடித்தது. பன்னிரண்டாம் நாள் ஆறு மணி ஆனது, ஆறே கால் ஆனது, தோப்பில் மயில் ஒன்று அகவிவிட்டுப் போனது, போன் அடிக்கவில்லை. தலையணையைத் தூக்கிப் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

நானாக ஒருநாள் பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே முழுப் பரீட்சை வரை ஓட்டிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு தொடங்கியபோது வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. தோல்ஷாப்பில் வேலை குறைந்துபோய், அத்தாவுக்கு ஆம்பூரில் வேலை கிடைத்து, குடும்பமே போய்விட்டது என்று டீச்சர் சொன்னார். அன்று சாயங்காலம் முதல்முறையாக நான் அவளுக்குப் போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னது. அது முடியும்வரை கேட்டுவிட்டு, மறுபடி போட்டு மறுபடியும் கேட்டேன்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தபோதுதான் அந்த எண்ணின் அர்த்தம் புரிந்தது. ஒரு நொடியில் எத்தனை அடி எடுத்து வைக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்வதில்லை. என்னுடையது குட்டி அடிகளாக ஓடி ஓடி மூச்சு வாங்கிய ஒற்றை ஆள்; அவளுடையதன் உள்ளே இரண்டு கோர்கள், நிதானமாக எட்டி நடந்த இரண்டு பேர். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடனே எழுந்து போய் ஒருத்தியிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போனபோது பேகம்பூருக்கும் போனேன். அந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது, கீழே செருப்புக் கடை. பக்கத்து டீக்கடைக்காரர் நினைவு வைத்திருந்தார். “மேஸ்திரியோட சின்ன மகளா? எங்க வீட்டுல இன்னும் அந்தப் புள்ளைகூடப் பேசுவாகம்மா, இரு, நம்பர் வாங்கித் தாரேன்” என்று வாங்கியும் கொடுத்தார்.

பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு போட்டேன். ஒரு சிறுமி எடுத்தாள். “அம்மா தொழுதுட்டு இருக்காங்க. யாருன்னு சொல்லட்டும்?”

பெயரைச் சொன்னால் போதும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று யோசித்தேன். பெருநாளன்று சாப்பிடாமல் எழுந்து போனவள்தான் வருவாள் என்று தோன்றியது.

“அப்பறமா கூப்புடுறேன் கண்ணு” என்று வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.